ஏழாவது ஆளாகக் காளியாயி

இல்லை, அப்படியில்லை. ராக்காயி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் குடம் நிறைகிற வரைக்கும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டு போவார்கள். ஜீவராணி நாத்தனாருக்குப் பயந்துதான் அவளை நடுவில் போட்டாளாம். வீட்டுக்குள் சண்டை வரக்கூடாது என்று சித்திரை விளையாட்டுக் கப்பைப் பணயம் வைத்தாளாம். கங்காணி வேலை கிடைத்ததும் குருட்டு அதிர்ஷ்டமாம். மூன்றும் பொய். அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் கேட்கட்டும், இல்லாதவர்கள் இன்னும் நன்றாகக் கேட்கட்டும். ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். நடுவில் யாரும் குறுக்கே பேசக்கூடாது.

ஜீவராணி இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. இறம்பொடைப் பக்கத்துப் பிள்ளை. வட்டவளைக்கு மேலே இருக்கிற நம்ம மேல்பிரிவுக்கு வாக்கப்பட்டு வந்து பதினாலு வருசம். வந்த மறுவாரமே தலையில் கயிற்றைப் போட்டுக் கூடையைத் தூக்கிவிட்டாள். புருசன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு ஒரு தடவை, சித்திரைக்கு ஒரு தடவை முகம் காட்டுவான். லயத்துக் காம்பராவில், ஒரே அறையில், அவள், அவள் மகள், புருசனுடைய அக்கா காளியாயி, மூன்று பேர். காளியாயிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவேண்டுமென்று அவள் யாரையும் கேட்டதும் இல்லை. ஆள் வாட்டசாட்டம், குரலும் அப்படித்தான். அவள் இருமினால் கீழ்ப்பிரிவில் கதவைச் சாத்துவார்கள் என்று கேலி பேசுவோம்.

ஜீவராணிக்கு ஒரு குணம். எதையும் வரிசைப்படுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவாள். வந்த ரெண்டாம் வருசம் மழை தவறி, பீலியில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. பதினெட்டுக் காம்பராவுக்கு அந்த ஒரு பீலிதான். விடிந்தால் குடத்தோடு குடம் இடிக்கும், மயிரைப் பிடிப்பார்கள். புதுப்பெண் என்றும் பாராமல் இவள் நடுவில் போய் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டுக் குடம் முன்னுக்கு, கைப்பிள்ளைக்காரிக்கு அடுத்தது, ஒரே ஆள் இருக்கிற வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து வந்து பிடிக்கலாம் என்று குடங்களை நகர்த்தி வைத்தாள். தன் குடத்தைக் கடைசிக்கு முன்னால் வைத்தாள். கடைசியில் வைத்திருந்தால் நடிப்பு என்று சொல்லியிருப்பார்கள். முன்னால் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வரிசையில்தான் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறோம். ராக்காயியும் அதில்தான் பிடிக்கிறாள், பிடித்துக்கொண்டே பேசுகிறாள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். சித்திரைப் புதுவருசத்துக்கு மேல்பிரிவுப் பெண்களும் கீழ்ப்பிரிவுப் பெண்களும் எல்லே ஆடுவது வழக்கம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெண்டு மூங்கில் கம்பு, ஒரு டென்னிஸ் பந்து, அவ்வளவுதான் சாமான். பந்தைப் போடுகிறவளும் நம்ம ஆள்தான், எதிராளி இல்லை. ஒருத்திக்கு மூன்று பந்து. அதில் ஒன்றை அடித்துவிட்டு, வட்டமாக நட்டிருக்கிற மூன்று கொடியையும் சுற்றி, கிளம்பின இடத்துக்கு, அதைத்தான் வீடு என்போம், ஓடி வந்தால் ஓர் ஓட்டம். ஒரே மூச்சில் வர முடியாவிட்டால் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அடுத்தவள் அடிக்கும்போது அங்கிருந்து ஓடலாம். கொடிக்கும் கொடிக்கும் நடுவில் பந்தால் எறிந்து உடம்பில் பட்டால் அவுட். அடித்த பந்தை அந்தரத்தில் பிடித்தாலும் அவுட். மூன்றையும் கோட்டைவிட்டாலும் அவுட். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தடவை அடித்து முடித்தால் அந்தப் பக்கத்து ஆட்டம் முடிந்தது. அப்போது கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நின்றதுதான் மிச்சம், ஓட்டத்தில் சேர்க்கமாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் காளியாயிதான் ராணி. நாலு வருசமாக அவள் அடித்த பந்தைத் தேயிலைக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டியிருந்தது. போன சித்திரைக்கு அது கெட்டது. தூறல் விழுந்து மூங்கில் நனைந்திருந்தது. காளியாயி வழக்கம்போல முழு வீச்சில் சுழற்றினாள். கம்பு கையைவிட்டு வழுக்கி, சுற்றிச் சுற்றிப் பறந்து, கதிரை போட்டு உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளை பொன்னையாவின் முழங்காலில் போய் இறங்கியது. பந்து எங்கே போனதென்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

பொன்னையா மூன்று வாரம் படுத்தார். எழும்பின பிறகும் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கணக்கப்பிள்ளை என்றால் அந்தியில் கொழுந்து நிறுக்கிறவர். ஆக, ஒவ்வொரு நாளும் காளியாயி கூடையோடு போய் அவர் முன்னால் நிற்கவேண்டும், அவர் நொண்டிக்கொண்டே தராசுக்கு வரவேண்டும். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் ரெண்டு கொடுத்திருப்பாள், விசயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "கொண்டாங்கம்மா, கூடையக் கொண்டாங்க, கம்பு ஒண்ணும் கொண்டாரலையே" என்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். ஒரு வருசம் முழுக்க இதைக் கேட்டால் யாருக்குத்தான் கை சரியாக வரும்? இந்த மாசியில் பழகத் தொடங்கினபோது காளியாயி கம்பைக் கோழிக் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியில் தோள் கல்லாகிவிடும், வீச்சு வராது, பந்து போனபிறகு கம்பு வரும். இருபது பந்து போட்டால் ரெண்டு படும். அந்த ரெண்டும் அவள் காலடியிலேயே கிடக்கும்.

இதே நேரத்தில்தான் கங்காணி வேலை காலியானது. பெண் கங்காணி ஒருத்தியைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோட்டத்தை நடத்துகிற தொரை நினைத்தார். ஜீவராணி மனு எழுதிக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை ஆபீசில் சொன்னாராம், "பொம்பளைய போட்டா தன் வீட்டு ஆளுகளுக்கு நல்ல நிரையாப் பாத்துக் குடுக்கும்" என்று. மலையில் எந்தத் தேயிலை வரிசையில் யார் கொழுந்து எடுப்பது என்று காலையில் பிரித்துக் கொடுக்கிறவர் கங்காணி. அதுதான் நிரை. நல்ல நிரை கிடைத்தவள் சிரித்துக்கொண்டு வருவாள். கெட்ட நிரை கிடைத்தவள் அட்டைக் கடியோடு வருவாள். அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது.

மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு சிவராசா ஐயா ஜீவராணியைக் கூப்பிட்டனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருசம் மலையில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"பிள்ளை, தொரைக்கு உம்மில விருப்பம். எனக்கும் மறுப்பில்லை. ஆனா இந்தக் கதை ஒண்டு கிளம்பியிருக்கு. சித்திரை விளையாட்டுக்கு நீர்தானே கப்டன்?"

"ஆமாங்க ஐயா."

"ஆர் முன்னுக்கு, ஆர் பின்னுக்கு எண்டு நீர்தான் எழுதப்போறீர். அந்த லிஸ்டை எல்லாரும் பாப்பினம். நானும் பாப்பன். அதில உம்மட வீட்டு ஆளை எங்க விடுறீர் எண்டதிலதான் கிடக்கு."

"சரிங்க ஐயா," என்றுவிட்டு வந்துவிட்டாள். வழியில் தேயிலைக்குள் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாளாம். அவ்வளவு காலம் ஆசைப்பட்ட வேலை, பன்னிரண்டு பேரின் பெயர் எழுதப்போகிற ஒரு துண்டுத் தாளில் தொங்குகிறது.

ராக்காயி சும்மா இருப்பாளா? அவளும் ஆடுகிறவள்தான், ஓட்டத்தில் நல்ல ஆள், அதை நான் மறைக்கமாட்டேன்.

"ஜீவராணி, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத. காளியாயி அக்காவ விட்டுட்டு வேற ஆளப் போடு."

"அவங்க எறிஞ்சா ஓடுறவ முதுகு தப்பாது. அந்தக் கைய விட்டுட்டு யாரப் போடுறது? நீ எறிவியா?"

"அப்ப கடைசியில போடு. கடைசி எடம் இருக்குறதே அதுக்குத்தானே."

ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். அடிக்கத் தெரியாதவளைக் கடைசியில் தள்ளுவார்கள். போன வருசமும் அப்படித்தான் தள்ளினோம். மூன்று கொடியிலும் மூன்று பேர் ஓடத் துடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக வந்த சின்னப்பெண் மூன்று பந்தையும் விட்டாள். மூன்று பேரும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்க, தோற்றுவிட்டு வந்தோம். அதைப் பார்த்துமா புத்தி வரவில்லை என்று கேட்டால், வரவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் ஜீவராணி காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சீவின கையோடு பன்னிரண்டு கிழங்கை எடுத்து நிலத்தில் வரிசையாக வைத்தாள். ஒன்றை எடுத்து அங்கே வைப்பாள், யோசிப்பாள், வேறொன்றை இங்கே நகர்த்துவாள். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. காளியாயி கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னடி இது, கெழங்குக்குப் பெரட்டா?"

"ஆளுக மதினி. பன்னெண்டு பேரு."

காளியாயி குனிந்து பார்த்தாள். "இதுல நான் எது?"

"அந்தப் பெருசு."

"அதானே பாத்தேன். என்னைய நடுவுலயா வச்சிருக்க?" அவள் உட்கார்ந்து, பெரிய கிழங்கை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தாள். ஜீவராணி அதை எடுத்து மறுபடியும் ஏழாவது இடத்தில் வைத்தாள். காளியாயி கடைசிக்குக் கொண்டுபோனாள். ஜீவராணி திரும்பக் கொண்டுவந்தாள். இப்படி நாலு தடவை.

"ஏன்டி, உனக்கு மூளை இருக்கா? நடுவுல என்னையப் போட்டேன்னா ஊரு என்ன சொல்லும்? நாத்தனாளுக்கு நல்ல எடம் குடுத்துட்டான்னு சொல்லும். கணக்கப்புள்ள சொன்னது சரின்னு ஆயிரும். வேலை போயிரும். நீ மனு எழுதுனப்ப நாந்தானே லாம்பைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"மதினி, சொல்றதக் கேளுங்க. இந்தா, ஆறாவது ஜெயந்தினி." மெல்லிசாக நீண்ட ஒரு கிழங்கைத் தொட்டாள். ஜெயந்தினிக்கு இருபத்திரண்டு வயது, இந்த வருசம் அவள் அடிக்கிற பந்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது. "அவ அடிச்சா கொடியில நிக்கிற அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துருவாங்க, அவளும் வந்துருவா. கொடி பூராவும் காலி. அதுக்கப்புறம் நீங்க வர்றீங்க. மூணையும் விட்டாலும் யாருக்கும் நட்டம் இல்ல, யாரும் உங்களப் பாத்துக்கிட்டு கொடியில நிக்கல. தப்பித் தவறி பட்டுச்சுன்னா ஒரு கொடிக்கு ஓடிருங்க. பின்னால எட்டாவது நான் இருக்கேன், கூட்டிட்டு வந்துருவேன். கடைசிக்கு மீனம்மா அக்கா. அவங்க தூரமா அடிக்கமாட்டாங்க, ஆனா அவங்க கம்புல பந்து படாம போனத யாரும் பாத்ததில்ல."

காளியாயி கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு பெரிய கிழங்கை எடுத்துக் கொதிக்கிற பானைக்குள் போட்டாள்.

"நான் ஆடல. போ."

ஜீவராணி எழும்பி, அகப்பையால் அந்தக் கிழங்கைத் துழாவி எடுத்து, ஊதி ஊதி, ஏழாவது இடத்தில் வைத்தாள். ஆவி பறந்தது. காளியாயி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "வெந்த கெழங்குதான்டி நான்." ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிடிவாதத்தில் யாருக்கு யார் குறைச்சல்? ஆனால் அந்த வீட்டில் சிரித்துவிட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராச் சுவரில் தாள் ஒட்டினார்கள். ராக்காயி முதல் ஆள், வேகக்காலி. ஜெயந்தினி ஆறு, காளியாயி ஏழு, ஜீவராணி எட்டு, மீனம்மா பன்னிரண்டு. படிக்கத் தெரிந்தவள் படித்துச் சொன்னாள், தெரியாதவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வருவதற்குள் பேச்சு பழுத்துவிட்டது. பார்த்தியா, ரெண்டு பக்கமும் நல்ல அடிகாரிகளை வைத்து நடுவில் மெத்தை மாதிரி நாத்தனாளுக்கு இடம் போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் ஜெயந்தினி, இந்தப் பக்கம் தானே காவல். இதுதான் கங்காணியாக வந்தால் நமக்கும் நடக்கும்.

சிவராசா ஐயாவும் வந்து தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன பிள்ளை, அவவை ஏன் உதில விட்டனீர்?"

"ஆடி முடிஞ்சதும் சொல்றேங்க ஐயா."

"இப்ப சொன்னா என்ன?"

"இப்ப சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்ங்க."

"தோத்தால்?"

"தோத்தா நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லீங்க. வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற மீனம்மா, "உனக்கு வாய் எதுக்குடி ஆத்தா இப்படி நீளுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

போட்டி நாள் நல்ல வெயில். ஃபெக்டரிக்குப் பின்னால் மைதானம், மூன்று பக்கமும் தேயிலை, ஒரு பக்கம் கான் என்கிற வாய்க்கால். பலகாரமும் பாற்சோறும் தின்ற வயிற்றோடு ரெண்டு பிரிவும் வந்து நிறைந்துவிட்டது. தொரையும் வந்திருந்தார். பொன்னையாவுக்குப் போன வருசம் போலவே கதிரை போட்டிருந்தார்கள். அவர் உட்காரும் முன்னால் இடத்தை நாலு பக்கமும் அளந்து பார்த்ததை எல்லாரும் பார்த்தோம்.

கீழ்ப்பிரிவு முதலில் அடித்தது. ஆறு ஓட்டம். காளியாயி இல்லாவிட்டால் ஒன்பது ஆகியிருக்கும். ஓடிக்கொண்டிருந்த மூன்று பேரின் முதுகில் அவள் பந்து போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. மூன்றாவது ஆள் வலியில் இல்லை, வெட்கத்தில் கொஞ்ச நேரம் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நம்ம முறை. ராக்காயி அடித்தாள், ஓடினாள், மூன்றாவது ஆள் அடித்தபோது வீடு வந்து சேர்ந்தாள். ஒன்று. நடுவில் ரெண்டு பேர் பிடி கொடுத்து அவுட். ஐந்து பேர் முடியும்போது ரெண்டு கொடியில் ரெண்டு பேர் நின்றார்கள். ஜெயந்தினி வந்தாள். ரெண்டாவது பந்தை அடித்த அடியில் அது மேட்டுத் தேயிலைக்குள் விழுந்தது. கீழ்ப்பிரிவுக்காரிகள் செடிக்குள் பூந்து தேடுவதற்குள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். நாலு.

கொடிகள் காலி. காளியாயி கம்பை எடுத்தாள்.

மைதானம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் பொன்னையா எழும்பினார். கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டு, அவசரம் இல்லாமல் நடந்து, கொழுந்து லொறிக்குப் பின்னால் போய்ப் போட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் காளியாயியின் முகம் அப்படி இருந்தது. முதல் பந்து வந்தது. கம்பு அசையவே இல்லை. ரெண்டாவது பந்துக்கு அசைந்தது, பந்து போனபிறகு.

ராக்காயி பின்னால் முணுமுணுத்தாள், "இந்தா, நாத்தனா வேலையைத் தின்னுட்டா." ஜீவராணிக்கும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து அடிக்கவேண்டிய தன் கம்பின் அடியில் ஒட்டிய சேற்றை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் லொறிக்குப் பின்னால் இருந்து பொன்னையாவின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. பார்த்தவர் என்ன நினைத்தாரோ, மறுபடியும் எழும்பி, கதிரையைத் தூக்கி, லொறியின் முன்பக்கக் கதவைத் திறந்து, கதிரையை வெளியிலே விட்டுவிட்டு, தான் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டார்.

முதலில் தொரை சிரித்தார். பிறகு யாரைச் சொல்ல? கீழ்ப்பிரிவுக்காரிகள் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காளியாயிக்கே அடக்க முடியவில்லை. ஒரு வருசம் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் வெளியே வருகிற மாதிரி, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்கிற மனுசி எப்படிக் கம்பை நெரிப்பாள்? கை தளர்ந்துவிட்டது. பந்து போடுகிறவள் அது தெரிந்துதான் போட்டாளோ என்னவோ, மூன்றாவது பந்து வந்தது. அவள் சிரித்தபடியே ஒரு தட்டுத் தட்டினாள்.

பெரிய அடி ஒன்றும் இல்லை. அதையும் நான் உள்ளபடி சொல்கிறேன். பந்து உருண்டு உருண்டு போய்க் கானுக்குள் விழுந்தது. கானில் தண்ணீர் ஓடியது. ஒருத்தி கையை விட்டுத் துழாவுவதற்குள் காளியாயி முதல் கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் சிரித்துக்கொண்டு.

ஜீவராணி வந்தாள். முதல் பந்தையே இடைவெளி பார்த்து நடுவால் அனுப்பினாள். "ஓடுங்க மதினி, நிக்காதீங்க," என்று கத்திக்கொண்டே ரெண்டாவது கொடி வரைக்கும் ஓடினாள். காளியாயி மலை இறங்குகிற லொறி மாதிரி மூச்சிரைக்க வந்து வீட்டைத் தொட்டு, அப்படியே புல்லில் மல்லாந்து விழுந்தாள். ஐந்து. ஒன்பதாவது ஆள் ஜீவராணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒரு கொடியில் நின்றாள். ஆறு. பத்தாவது ஆள் பிடி கொடுத்தாள். பதினோராவது ஆள் தட்டிவிட்டு ஓட, கொடியில் நின்றவள் மூன்றாவது கொடிக்குப் போனாள். ரெண்டு பக்கமும் ஆறு. மிச்சம் ஒரே ஆள்.

மீனம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். ஐம்பத்திரண்டு வயது. எப்போதும் போல அவசரமில்லாமல் ஒரு தட்டு. பந்து ரெண்டு பேருக்கு நடுவால் போனது. மூன்றாவது கொடியில் நின்றவள் வந்து சேர்ந்தாள். ஏழு. மீனம்மா ஓடவே மறந்துவிட்டு, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

ராக்காயி சொல்கிறாளே, ஜெயந்தினியின் அடிதான் வென்றது என்று. ஜெயந்தினி அடித்தது மூன்று. மறுக்கவில்லை. ஆனால் ஏழில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆறும் ஆறும்தான். அந்த ஒன்று கானில் உருண்ட பந்து. காளியாயியைக் கடைசியில் போட்டிருந்தால் அவள் சிரித்திருப்பாளா, ரெண்டு பேர் கொடியில் நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது? நீங்களே சொல்லுங்கள்.

கப்பைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும்போது சிவராசா ஐயா ஜீவராணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப சொல்லும்."

ஜீவராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மலையில நிரை போடுறப்ப, கை மெதுவான ஆள ஓர நிரையில விட்டா என்னங்க ஆகும்? தனியாக் கெடப்பா. எல்லாரும் மேல போயிருவாங்க, அவ கீழ நிப்பா. அந்த நிரையில கொழுந்து முத்திப்போகும். அதே ஆள ரெண்டு வேகக் கைக்கு நடுவுல விட்டா, அந்தப் பக்கத்துக்காரி ரெண்டு கொத்து எட்டிப் பறிப்பா, இந்தப் பக்கத்துக்காரி ரெண்டு கொத்து எட்டிப் பறிப்பா. பேசிக்கிட்டே இழுத்துட்டுப் போயிருவாங்க. நிரையும் முடிஞ்சிரும், ஆளும் கெடமாட்டா. நான் பதினாலு வருசமா பாக்குறதுங்க ஐயா. மதினி இல்ல, கீழ்ப்பிரிவுக்காரியா இருந்தாலும் நான் அங்கதான் போட்டிருப்பேன்."

"வேற ஆளா இருந்தால் இவ்வளவு சண்டை பிடிச்சிருப்பீரோ?"

"மதினின்னுதாங்க பயமா இருந்துச்சு. வேற ஆளுன்னா பயப்படாமப் போட்டிருப்பேன்."

சிவராசா ஐயா அதற்குச் சிரித்தார். லொறிக் கதவு திறந்து பொன்னையா மெல்ல இறங்கினார். கம்பு எதுவும் யார் கையிலும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்தார்.

"கணக்கப்பிள்ளை, கேட்டனீங்களோ?"

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சு, ஒண்ணும் கேக்கல. ஆனா பாத்தேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒரு வருசமா அந்தம்மா கைய நான்தான் கெடுத்து வச்சிருக்கேன் போலருக்கு. இந்தப் புள்ள அவளையும் சேத்து இழுத்துட்டு வந்துருச்சு. ஆபீசுல நான் சொன்னத நானே போய் வாபஸ் வாங்கிக்கிறேன்."

வைகாசி முடிகிற நேரம் கடிதம் வந்தது. ஜீவராணி அதை மூன்று தடவை படித்து, காளியாயிக்கு ஒரு தடவை படித்துக் காட்டினாள். காளியாயி "திரும்பப் படி" என்றாள். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பீலிக்கரையில் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

வேலையில் சேரவேண்டிய நாள் திங்கட்கிழமை. ஆபீசில் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். பெண்ணுக்கு அளவான பூட்ஸ் ஸ்டோரில் இல்லை, எட்டாம் நம்பர்தான் இருந்தது. காளியாயி பழைய சேலைத் துணியைக் கிழித்து, நுனியில் திணித்துத் திணித்து, "இப்ப நட, இன்னொரு தடவ நட" என்று இஸ்தோப்பில் ஆறு நடை நடக்கவைத்தாள். வெளியே பனி இறங்கியிருந்தது. கீழே ரயில் ஒன்று கூவிக்கொண்டு ஹட்டன் பக்கம் ஏறியது.

ஜீவராணி கொப்பியையும் பென்சிலையும் பைக்குள் வைத்தாள், குடையை எடுத்தாள். வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. பதினாலு வருசமாகக் கயிறு அழுத்தி அழுத்தி அங்கே ஒரு தடம் விழுந்திருந்தது. இன்றைக்குத் தலையில் ஒன்றுமில்லை.

"என்னடி நிக்கிற?"

"தலை லேசா இருக்கு மதினி. காத்துல போயிரும் போல."

"போகாது, பூட்ஸ் பிடிச்சு வச்சிருக்கும். போ. பெரட்டுக்குக் கங்காணி பிந்தி வந்தா யாரு யாரத் திட்டுறது?"

காளியாயி தன் கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். பதினெட்டுக் காம்பராக் கதவும் திறந்திருந்தது. ஜீவராணி குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, தொப்புத் தொப்பென்று சத்தம் போடுகிற அந்தப் பெரிய பூட்ஸோடு, வாசற்படியைத் தாண்டிப் பனிக்குள் இறங்கிப் போனாள்.